மானாமதுரையில் மண்ணைத் தட்டிக் கேட்பவர்கள்

சிவகங்கை மாவட்டம் மானாமதுரையில் மண்பாண்டம் செய்யும் தெருவுக்குள் நுழைந்தால் காதுக்குத்தான் முதல் வேலை. ஒரு வீட்டுத் திண்ணையிலிருந்து சீரான சத்தம் வந்துகொண்டே இருந்தது. கடம் தட்டுகிறார்கள்.

கர்நாடக இசைக் கச்சேரியில் ஒலிக்கும் கடங்களில் மானாமதுரைக் கடத்துக்குத் தனி மதிப்பு உண்டு. கனமான சுவர், கணீரென்ற நாதம். சுற்றுவட்டாரக் கண்மாய்களின் களிமண்ணைச் சலித்து, ஊறவைத்து, மணல் கலந்து, காலால் மிதித்துப் பதமாக்குகிறார்கள். சக்கரத்தில் வனைந்த பானை சற்றே இறுகியதும் தட்டு வேலை தொடங்குகிறது.

திண்ணையில் இருந்த அம்மாவின் இடக்கை பானைக்குள் ஓர் உருண்டைக் கல்லைப் பிடித்திருந்தது, வலக்கையில் மரத்தட்டு. உள்ளே கல் எங்கே இருக்கிறதோ, வெளியே தட்டு அதே இடத்தில் விழ வேண்டும். உள்ளே இருக்கும் கையைக் கண்ணால் பார்க்க முடியாது. ஒரு தட்டு, பானையை இம்மி அளவு திருப்பல், அடுத்த தட்டு. இப்படி ஆயிரக்கணக்கில். சுவர் ஒரே கனத்தில் அமையாவிட்டால் நாதம் இடத்துக்கு இடம் மாறிவிடும்.

தெருவில் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் நிமிரவில்லை. ஆனால் பானையின் தோள்பகுதியில் சத்தம் லேசாக மாறியதும் கை நின்றது. அந்த இடத்தை விரலால் தடவி, தண்ணீர் தொட்டு, மறுபடி தட்டினார். தட்டும்போது வீட்டுக் கவலையெல்லாம் உள்ளே வராது, வந்தால் பானை காட்டிக்கொடுத்துவிடும் என்றார்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2010இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருந்துகிறது. 2,250 பேரிடம் செல்பேசி வழியாக அவ்வப்போது, ‘இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா?’ என்று கேட்டார்கள். விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய 47 சதவீதம் மனம் வேறெங்கோ இருந்தது. அப்படி அலையும்போது மகிழ்ச்சியும் குறைவாகவே இருந்தது. இன்பமான விஷயத்தை நினைத்து அலைந்தபோதுகூட, செய்யும் வேலையில் மனம் நிலைத்திருந்தபோது கிடைத்ததைவிட அதிக மகிழ்ச்சி கிடைக்கவில்லை.

அப்படியானால் மனத்தை ஒன்றில் நிறுத்துவது எப்படி? வேலையில் ஆழ்ந்து போகும் நிலையை ஆராய்ந்த உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாய் சில நிபந்தனைகளைச் சொன்னார்: இலக்கு தெளிவாக இருக்க வேண்டும், திறமைக்கு ஏற்ற சவால் வேண்டும், செய்ததன் விளைவு உடனே தெரிய வேண்டும். கடம் தட்டுபவருக்கு ஒவ்வொரு அடிக்கும் மண் பதில் சொல்கிறது. அந்தப் பதிலைக் கேட்கும் காதுக்கு வேறெதையும் கேட்க நேரமில்லை. அமைதி அங்கேதான் பிறக்கிறது. தேடிப் போய்ப் பெற்றதல்ல.

இந்த நிதானம் எளிதில் கைவந்ததும் அல்ல. தோள் வலி, மழைக்காலத்தில் காயாத பானைகள், சூளையில் விரியும் கடங்கள் எல்லாம் கூடவே இருக்கின்றன. இந்த ஊரின் கடம் செய்யும் கலைஞர் மீனாட்சி கேசவனுக்குச் சங்கீத நாடக அகாதெமி விருது கிடைத்தபோது, கச்சேரி மேடைக்குப் பின்னால் இருக்கும் இந்த உழைப்பு வெளியே தெரியவந்தது. இவ்வளவு கவனத்தோடு செய்யும் வேலைக்கு உரிய விலையும் கிடைக்க வேண்டும்.

சூளையிலிருந்து எடுத்த கடங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, சுருதிவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வாங்க வந்த வித்வான் நாலைந்தைத் தட்டிவிட்டு ஒன்றை மட்டும் மடியில் வைத்துக்கொண்டார். மற்றவை அடுத்தவருக்காகச் சுவரோரம் போயின.