பௌர்ணமி ராத்திரிக்கு என்ன மைக்?

தெருப் பேட்டி எடுக்கலாம்னு முடிவு பண்ணினதும் நம்ம பசங்க முதல்ல எதைப் பத்திப் பேசுவாங்க? கேமராவைப் பத்திதான். 4கே வருமா, கிம்பல் வேணுமா, எந்த லென்ஸ் நல்லது... இப்படியே ஒரு மணி நேரம் ஓடும். மைக் பத்தின பேச்சு கடைசியில, மிச்சக் காசுல வரும். இந்த வரிசையை அப்படியே தலைகீழா மாத்துங்கன்னு சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நான் சொல்லப்போற இடம் அடி அண்ணாமலை. திருவண்ணாமலை கிரிவலப் பாதை சுமார் 14 கிலோமீட்டர். பெரிய கோயில்ல கிளம்பி, மலைக்கு மேற்குப் பக்கம் வருண லிங்கத்தைத் தாண்டினா அடி அண்ணாமலை வரும். நடக்குறவங்க கால் ஓய்ஞ்சு உட்காருற இடம். பௌர்ணமி அன்னிக்கு அங்க என்ன சத்தம் இருக்கும்னு போனவங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் ஸ்பீக்கர்ல பக்திப் பாட்டு, இன்னொரு பக்கம் அன்னதான அறிவிப்பு, நடுவுல ஜெனரேட்டர், ஊதல் விக்கிறவர், "அண்ணாமலையாருக்கு அரோகரா". பாதையோரக் கடைக்காரங்களைப் பத்தி ஒரு சின்ன ஆவணப்படம் எடுக்க நாங்க நாலு பேர் அங்க போனோம்.

இளநீர்க் கடை அண்ணன் மாதிரி ஆளுங்களுக்கு எந்த மைக்கும் போதும். அவர் குரலே ஒரு ஸ்பீக்கர். ஆனா கற்பூரம் விக்கிற பாட்டி அப்படியில்ல. பௌர்ணமி வியாபாரத்தை வெச்சுத்தான் அந்த மாசத்தோட பாதிச் செலவு ஓடும்னு சொல்றாங்க. அதைப் பக்கத்துல உட்கார்ந்து கேட்டாத்தான் கேக்கும். மைக் சரியில்லன்னா எடிட்டிங்ல முதல்ல வெட்டுப்படுறது இவங்கதான். வெளிய வர்ற படத்துல சத்தமா பேசுறவங்க மட்டும் இருப்பாங்க. தெருவுல மெதுவா பேசுறவங்களே இல்லைன்னு பாக்குறவங்க நம்பிடுவாங்க.

இப்ப கொஞ்சம் கணக்கு. திறந்தவெளியில தூரம் பாதியானா ஒலி சுமார் 6 டெசிபல் கூடும். பத்துல ஒரு பங்கானா 20 டெசிபல் கூடும். சாதாரணப் பேச்சு ஒரு மீட்டர்ல ஏறத்தாழ 60 டெசிபல். சுத்தி இருக்குற இரைச்சல் 75னு வெச்சுக்கோங்க. கேமரா மேல மாட்டின மைக் ஒரு மீட்டர் தள்ளி இருந்தா, பேச்சு இரைச்சலுக்கு 15 டெசிபல் கீழ மூழ்கிடும். அதே மைக்கை வாய்க்குப் பத்து சென்டிமீட்டர் கிட்ட கொண்டுபோனா பேச்சு 80. இரைச்சலை விட 5 மேல. விலையை விட தூரம்தாங்க முக்கியம்.

சரி, எதை வாங்குறது? நீளமான ஷாட்கன் மைக் பாக்க கெத்தா இருக்கும். ஆனா அது பக்கவாட்டுச் சத்தத்தைக் குறைக்கிறது பெரும்பாலும் உயர் அதிர்வெண்லதான்; ஜெனரேட்டர் உறுமலும் தவிலும் உள்ள வந்துடும். கையில பிடிக்கிற டைனமிக் மைக்தான் இந்த மாதிரி இடத்துக்கு நம்பிக்கையானது. மேடைக் கச்சேரியில பாக்குற ஷூர் எஸ்எம்58, 1966ல வந்தது, இன்னிக்கும் ஓடுது. இந்த வகை மைக் முன்னாடி வர்றதை நல்லா எடுக்கும், பின்னாடி வர்றதைக் குறைக்கும். அதனால ஸ்பீக்கர் உங்க முதுகுக்குப் பின்னால இருக்கிற மாதிரி நில்லுங்க. கேள்வி கேக்கும்போது மைக்கை உங்க பக்கம் திருப்பணும், மறந்துடாதீங்க. இதோட பின் நேரா போன்ல சேராது. நடுவுல ஒரு சின்ன ரெக்கார்டரோ ஆடியோ இன்டர்ஃபேஸோ வேணும்.

பட்ஜெட் இல்லையா? சட்டையில மாட்டுற வயர்லெஸ் கிளிப் மைக் போதும். ஆனா முன்பின் தெரியாத அக்காவோட புடவையில போய் மாட்டுறது சங்கடம். ஒரு குச்சியில கட்டி, கை மைக் மாதிரி பிடிங்க. இந்த மைக்குங்க நிறைய 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஓடுது; வைஃபையும் ப்ளூடூத்தும் அதே இடம்தான், போதாததுக்கு மனுஷ உடம்பும் சிக்னலைத் தடுக்கும். கூட்டத்துல ரிசீவரைக் கிட்டயே வெச்சுக்கோங்க. ஆட்டோ கெயினை அணைச்சுடுங்க. இல்லன்னா பாட்டி மூச்சு விடுற இடைவெளியில ஸ்பீக்கர் பாட்டை அதுவே தூக்கிக் காட்டும். ஹெட்போன் போட்ட ஒருத்தர் கட்டாயம் கூட இருக்கணும். "அப்புறம் ஏஐ ஆப்ல சுத்தம் பண்ணிக்கலாம்"னு நினைக்காதீங்க. ஜெனரேட்டர் சத்தத்தை அது ஓரளவு எடுத்துடும்; இரைச்சலே இன்னொரு மனுஷக் குரலா இருந்தா, எதை வெச்சுக்கணும்னு தெரியாம சொல்லை மென்னு துப்பும்.

கேமராவுக்கு ரெண்டே விஷயம். ராத்திரி வெளிச்சத்துக்கு 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 மாதிரி அகலமாத் திறக்கிற லென்ஸ், இல்லன்னா நல்ல போன். நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால ஷட்டரை 1/50ல வையுங்க. கடை விளக்கு சிமிட்டுறது பெரும்பாலும் நின்னுடும். கேமரா சின்னதா இருக்குறதே நல்லது. பெருசைப் பாத்தா "எந்த டிவி தம்பி?"ன்னு கேட்டுட்டு மனப்பாடம் பண்ணின மாதிரி பேச ஆரம்பிச்சிடுவாங்க.

மைக்கை நீட்டுறதுக்கு முன்னாடி மூணு விஷயம் கேளுங்க: பேசலாமா, முகம் காட்டலாமா, எங்க போடப்போறோம்னு சொல்லட்டுமா. சாமியார்களுக்கும் இது பொருந்தும். வாடிக்கையாளர் வந்தா ஒதுங்கி நில்லுங்க. அந்தப் பாட்டி எங்க பேட்டிக்கு நடுவுல ஆறு தடவை கற்பூரம் வித்தாங்க. ஆறு தடவையும் ரெக்கார்டிங்கை நிறுத்தலை. படத்துல நல்லா வந்ததே அந்த இடம்தான்.

எங்க செட்டு ஹாஸ்டல்ல சும்மாதான் இருக்கு. அடுத்த பௌர்ணமிக்கு யாராவது போறதா இருந்தா வந்து வாங்கிக்கோங்க. பேட்டரி மட்டும் நீங்க போட்டுக்கணும்.