இருபது விநாடி

கவுண்டரில் கணினி மெதுவாக ஓடினால், வரிசையில் நிற்பவர் திட்டுவது கணினியை அல்ல, அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவரைத்தான். 2003ல் திருச்சியில் ஒரு வசூல் அலுவலகத்தில் (பெயர் வேண்டாம்) நடந்ததும் அதுதான்.

மூன்று கவுண்டர். இரண்டில் ரசீது உடனே வந்துவிடும். மூன்றாவதில் என்டர் தட்டிவிட்டு இருபது விநாடி காத்திருக்க வேண்டும். அங்கே இருந்த அம்மாவுக்கு ஓய்வு பெற நாலு வருடம் பாக்கி. மாலையில் எண்ணிப் பார்த்தால் மற்றவர்கள் போட்ட ரசீதில் பாதிகூட அவருக்குத் தேறாது. மேலதிகாரி மெமோ கொடுத்துவிட்டார்: பணியில் சுணக்கம், ஏழு நாளில் விளக்கம் தருக. விளக்கம் எடுபடாவிட்டால் இன்கிரிமென்ட் போகும். அது பென்ஷன் வரை எப்படி இடிக்கும் என்று நம்மைப் போன்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நான் அப்போது கணினிப் பிரிவில் இருந்தேன். "சார், என்டர் தட்டினப்புறம் நான் கையைக் கட்டிக்கிட்டுதான் உக்காந்திருக்கேன். அதுக்கு மேல எப்படி சார் வேகமா தட்டறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

பராமரிப்பு ஒப்பந்தக்காரர்கள் வந்து பார்த்தார்கள். பிராசஸர் சும்மா இருக்கிறது, மெமரி நிறைய இருக்கிறது, டிஸ்க்கிலும் கோளாறு இல்லை. ஆகவே 'யூஸர் பிராப்ளம்' என்று எழுதிவிட்டுப் போனார்கள். பிராசஸர் சும்மா இருந்ததுதான் எனக்குத் துப்பு. நிரல் வேலை செய்யவில்லை, எதற்கோ காத்திருக்கிறது. எதற்கு?

எந்த நிரலும் தானாக ஒரு கோப்பைத் திறக்கவோ நெட்வொர்க்கில் ஒரு சொல் அனுப்பவோ முடியாது. ஒவ்வொன்றுக்கும் கெர்னலிடம் மனுப் போட வேண்டும். அந்த மனுவுக்குத்தான் சிஸ்டம் கால் என்று பெயர். எஸ்ட்ரேஸ் என்று ஒரு சின்னக் கருவி, தபால் பதிவேடு மாதிரி, எந்த மனு எப்போது போனது, என்ன பதில் வந்தது என்று வரி வரியாக எழுதித் தரும். 1991ல் பால் கிரானன்பர்க் என்பவர் சன் கணினிகளுக்காக எழுதியது. பிறகு லினக்ஸுக்கும் வந்தது. ஒவ்வொரு மனுவுக்கும் போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை நிரலை நிறுத்திப் பார்ப்பதால் ஓட்டம் மந்தமாகிவிடும். கூட்டம் நிற்கும்போது செய்யக் கூடாது. உணவு இடைவேளையில் ஓடவிட்டு, அந்த அம்மாவையே ஒரு சோதனை ரசீது போடச் சொன்னேன்.

பக்கம் பக்கமாக வந்தது. எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்த மனுக்கள். நடுவில் ஓர் இடத்தில் மட்டும் மூச்சு நின்றிருந்தது. பிரிண்டரின் பெயரைச் சொல்லி, அதன் முகவரி என்ன என்று ஒரு நேம் சர்வரிடம் கேட்கிறது. 5 விநாடி பதில் இல்லை. அடுத்த சர்வரிடம் கேட்கிறது, உடனே பதில். ஒரு ரசீதுக்கு இப்படி நாலு தடவை. நாலஞ்சு இருபது!

அந்த முதல் முகவரி யாருடையது என்று தேடினால், முந்தைய வருடம் மூடிவிட்ட ஒரு கிளையில் இருந்த சர்வர். இந்தக் கணினி அங்கிருந்து வந்தது. ரிசால்வ்.கான்ஃப் என்ற கோப்பில் அந்த வரியை யாரும் எடுக்கவில்லை. இல்லாத ஆளிடம் தினமும் கேட்டுக் கேட்டுக் காத்திருந்திருக்கிறது. வரியை நீக்கினேன். என்டரிலிருந்து விரலை எடுப்பதற்குள் பிரிண்டர் கிர்ரென்றது. அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை, பிரிண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

2005ல் சோலாரிஸ் 10 உடன் டிடிரேஸ் வந்தது. நிரலை மட்டுமல்ல, கெர்னலின் உட்புறத்தையும், வேலை நேரத்திலேயே தைரியமாக நோட்டம் விடலாம். பார்த்தபோது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு எஸ்ட்ரேஸே போதுமாயிருந்தது.

அந்தப் பதிவை அச்செடுத்து, நாலு இடத்திலும் சிவப்பு மையால் கோடிட்டு, விளக்கக் கடிதத்தோடு இணைத்துக் கையெழுத்துப் போட்டேன். சூப்பிரண்ட் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்ன பாஷை ஐயா?" என்றார். தமிழில் அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து 'மேல்நடவடிக்கை கைவிடப்படுகிறது' என்று ஒரு வரி வந்தது. ஒப்பந்தக்காரர்களின் அறிக்கையில் மட்டும் 'யூஸர் பிராப்ளம்' கடைசி வரை அப்படியே இருந்தது.