அத்தை தும்மிய பாட்டு

எங்கள் ஸ்டோர் வீட்டில் டேப் ரிக்கார்டர் இருந்தது இரண்டு மூன்று போர்ஷன்களில்தான். கேசட் மட்டும் எல்லார் வீட்டிலும் இருந்தது. மயிலாப்பூரில் முண்டகக்கண்ணியம்மன் கோயிலுக்குப் பக்கத்துச் சந்து. நீளமான நடை, நடுவில் கிணற்றடி, துவைக்கிற கல், அதைச் சுற்றிக் குடித்தனங்கள். யார் புதுசாக வாங்கினாலும் அந்தக் கேசட் எல்லாக் கதவையும் தட்டிவிட்டு, டப்பாவில் ஒரு விரிசலும் உறைக் காகிதத்தில் மஞ்சள் விரல் தடமுமாக உரியவரிடம் திரும்பி வரும். "மாமி, அந்த எம்.எஸ். கேசட்டை அம்மா ஒரு நாளைக்குக் கேட்டாங்க" என்று போய் நின்றால், முன் போர்ஷன் மாமி ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, சுவாமி படத்துக்குப் பக்கத்திலிருந்து எடுத்துத் தருவார். "ஜாக்கிரதைடா கண்ணா, அந்தச் சிவப்புப் பட்டனை மட்டும் அமுக்கிடாதே."

சிவப்புப் பட்டன் என்றால் ரிக்கார்டிங் பட்டன். அழிந்துவிடும் என்ற பயம். கடையில் வாங்கின கேசட்டின் முதுகில் இரண்டு ஓரத்திலும் குட்டிப் பள்ளம் இருக்கும். அது இருக்கிறவரை அந்தப் பட்டன் அமுங்காது. என் அண்ணன் இதை விளக்கிச் சொல்லியும் மாமி கடைசிவரை நம்பவில்லை.

அந்த எம்.எஸ். கேசட்டில் இருந்த வெங்கடேச சுப்ரபாதம் 1963-இல் எச்.எம்.வி. இசைத்தட்டாக வந்தது. கூடப் பாடியவர் மகள் ராதா. அதில் வருகிற பணம் திருமலை தேவஸ்தானத்துக்கே போகும்படி எம்.எஸ். எழுதிக் கொடுத்துவிட்டதை மாமி சொந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வார். பிலிப்ஸ் கம்பெனி கேசட்டை உலகத்துக்குக் காட்டியதும் அதே வருஷம்தான் என்று பெரியவனான பிறகு படித்தபோது ஏனோ எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. விடிகாலையில் ஆவின் பூத்துக்குப் பால் வாங்கப் போவது என் வேலை. சாணி தெளித்த வாசல், டிகாக்‌ஷன் இறங்கும் வாசனை, ஒவ்வொரு ஜன்னலிலும் அதே குரல். ஆனால் ரேடியோ மாதிரி எல்லா வீட்டிலும் ஒரே வரி கேட்காது. ஒரு வாசலில் அப்போதுதான் பெருமாளை எழுப்பிக்கொண்டிருப்பார், நாலு வீடு தள்ளி மங்களம் நடந்துகொண்டிருக்கும். போகும்போது ஒரு ஒழுங்கு, வரும்போது தலைகீழ் ஒழுங்கு. பெருமாளை நான் தினமும் எழுப்பித் தூங்கவைத்து மறுபடி எழுப்பினேன்.

ஆடி பிறந்தால் எம்.எஸ். வீட்டுக்குள் போய்விடுவார், தெரு எல்.ஆர். ஈஸ்வரியுடையது. விளக்குக் கம்பத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்கள். வேப்பிலையும் மஞ்சளும் கூழ் கொதிக்கும் வாசனையும் அந்தக் கணீர்க் குரலும் எனக்கு இன்றைக்கும் தனித்தனியாகப் பிரியாது. கார்த்திகையில் கே. வீரமணியின் ஐயப்பன் பாட்டு, மார்கழியில் எம்.எல். வசந்தகுமாரியின் திருப்பாவை. நாட்காட்டி பார்க்காமலே மாசம் தெரியும்.

நாங்களே பொறுக்கிச் சேர்த்த பாட்டுக்கு வேறு இடம் போக வேண்டும். லஸ் முனையில் 12பி ஏறி பாண்டி பஜாரில் இறங்கி, உஸ்மான் ரோடு பக்கம் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த ரிக்கார்டிங் சென்டர். நாலு பேர் நின்றால் கடை நிறைந்துவிடும். சுவர் முழுக்க இசைத்தட்டு, ஊதுபத்திப் புகை, ஹெட் துடைக்கிற ஸ்பிரிட் வாசனை. அண்ணன் ரூல் போட்ட தாளில் பாட்டுப் பட்டியல் எழுதி எடுத்துவருவான். பட்டியல் எழுதுவதே ஒரு வாரச் சண்டை: அம்மாவுக்கு பி. சுசீலா வேண்டும், சித்தப்பாவுக்கு டி.எம்.எஸ்., அண்ணனுக்கு முழுக்க இளையராஜா, அத்தைக்கு பி.பி. ஸ்ரீனிவாஸ் கட்டாயம் இரண்டாவது. கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பட்டியலைப் படிப்பார். ஒவ்வொரு பாட்டும் எத்தனை நிமிஷம் என்று அவருக்கு மனப்பாடம். "அறுபது கேசட்டுன்னா ஒரு சைடு அரைமணிதான் தம்பி. இந்த ஏழாவது பாட்டு ஏறாது, நடுவுல அறுந்துடும். அதை பி சைடுக்குத் தள்ளவா?" என்று கேட்டு, மிச்சமிருக்கிற ஒன்றரை நிமிஷத்துக்கு 'மௌன ராகம்' படத்தின் பின்னணி இசைத் துணுக்கை அவராகவே போட்டுத் தருவார். கேட்காமல் கிடைத்த அந்தத் துணுக்குகளை நான் பாட்டுகளைவிட ஆசையாகக் கேட்டேன். அடுத்த வாரம் போனால், உறை அட்டையில் பச்சை மையில் முத்து முத்தான கையெழுத்து. அந்தக் கடைக்காரர்தான் எனக்குத் தெரிந்த முதல் தொகுப்பாசிரியர்.

பட்டியல் போடாமல் அண்ணன் முழுசாக வாங்கிய ஒரே கேசட் 'ஹவ் டு நேம் இட்'. 1986-இல் வந்தது. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாடவே மாட்டாங்களா?" என்றார் அம்மா. பாடமாட்டார்கள், வயலின்தான். தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாக்குக்கும் இளையராஜா சமர்ப்பணம் செய்த ஆல்பம் அது. பாக் 1750-இல் காலமாகிவிட்டார், தியாகராஜர் பிறந்தது 1767-இல். ஒருவரை ஒருவர் பார்த்திருக்கவே முடியாது. 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்ற துண்டில் பாக்கின் தனி வயலின் பார்ட்டிட்டா ஒன்று அப்படியே ஓட, அதைச் சுற்றி ராஜா தன் வரியைப் பின்னுவார். வாசித்தவர் வி.எஸ். நரசிம்மன். எனக்கு அப்போது இதெல்லாம் என்ன தெரியும்! மார்கழி சாயங்காலங்களில் சபா வாசலில் நின்று கேட்ட வயலினும், லஸ் சர்ச் பக்கம் நடக்கும்போது காதில் விழுந்த ஆர்கனும் எங்கள் வீட்டு ஈயம் பூசிய அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொள்வதாகத் தோன்றும். அரிசி களைந்துகொண்டே கேட்ட அம்மா, மூன்றாம் நாள் தானாகவே, "அந்த வயலின் கேசட்டைப் போடு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அண்ணன் முகம் எப்படி மலர்ந்தது என்று இப்போதும் கண்ணில் நிற்கிறது.

'ரோஜா' வேறு வீட்டில் வந்தது. 1992. அடையாறு காந்தி நகரில் பெரியம்மா வீடு. வாசலில் தூங்குமூஞ்சி மரம், உள்ளே இரண்டு ஸ்பீக்கர் வைத்த ஸ்டீரியோ. எங்கள் டூ-இன்-ஒன்னில் ஒரே ஸ்பீக்கர், எல்லாம் ஒரே இடத்திலிருந்துதான் வரும். இங்கே ஒரு சத்தம் இடது பக்கம் கிளம்பி வலது பக்கம் போனது, இன்னொன்று தரையிலிருந்து உள்ளங்கால் வழியாக ஏறியது. பெரியம்மா மகள் வாக்மேனை என் காதில் மாட்டி, "கண்ணை மூடிக் கேளுடா" என்றாள். கோடம்பாக்கத்தில் சொந்த வீட்டு ஸ்டுடியோவில் இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவர் செய்த முதல் படம் அது. தேசிய விருதும் கிடைத்தது. பஸ்ஸில் திரும்பும்போது மயிலாப்பூர் வரை நான் யாரிடமும் பேசவில்லை.

இத்தனை இருந்தும், எனக்குப் பிடித்த ஆல்பம் எது என்று கேட்டால் பேரில்லாத ஒன்றைத்தான் சொல்வேன். வெள்ளிக்கிழமை ராத்திரி தூர்தர்ஷனில் ஒலியும் ஒளியும் வரும்போது, டேப் ரிக்கார்டரை டி.வி.க்கு முன்னால் முக்காலியில் வைத்துப் பிடித்த கேசட். பழைய கேசட் ஒன்றின் முதுகுப் பள்ளத்தில் செல்லோடேப் ஒட்டி அண்ணன் தயார் செய்தது. பாட்டு முடிகிறவரை யாரும் மூச்சு விடக் கூடாது என்று சட்டம். பி சைடில் மூன்றாவது பாட்டு, இரண்டாவது சரணத்துக்கு முன்னால் புல்லாங்குழல் இறங்குகிற இடத்தில், அத்தை தும்மினார். தும்மிவிட்டு, "ஐயோ" என்று ரகசியமாகச் சொன்னதும் பதிவாகிவிட்டது. பிறகு எங்கே எப்போது அந்தப் பாட்டைக் கேட்டாலும், அந்த இடத்தில் எங்கள் வீட்டில் எல்லாரும் ஒரு கணம் காத்திருப்போம். அத்தை போய் வெகு காலமாயிற்று. அவர் குரல் எங்களிடம் இருப்பது அந்த ஒரு "ஐயோ"வில் மட்டும்தான்.

அந்தக் கேசட்டில் இருந்த பாட்டெல்லாம் இன்று கைப்பேசியில் நொடியில் கிடைக்கிறது, அத்தை இல்லாமல். உங்கள் வீட்டுப் பரணிலும் கேசட் நிறைந்த ஒரு ஷூ டப்பா நிச்சயம் இருக்கும். கடற்கரை ஊர்க் காற்றில் டேப்பில் பூஞ்சை பிடிக்கும். கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் நேரே ஓட்டாதீர்கள், விஷயம் தெரிந்தவரிடம் கொடுங்கள். நன்றாக இருந்தால் ஒரு முறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றிவிட்டுப் போடுங்கள், கேட்டுக்கொண்டே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள். பாட்டுக்கு நடுவே பேசுவது யார் என்று அடையாளம் சொல்ல வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே செய்யுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஏணியைப் போடுங்கள்.