எல்லாப் பாட்டும் கேப்பம்

"என்ன மாதிரிப் பாட்டுக் கேப்பீங்கள்?" எண்டு ஆராவது கேட்டால் எங்களுக்கு உடன பதில் வராது. போன மாதம் கேட்டிருந்தால் கர்நாடக வயலின் எண்டிருப்பம். போன கிழமை எண்டால் கானா. இண்டைக்குக் காலமை இருந்து பைலா. ஒரு ஆளுக்கு 'நாங்கள்' கொஞ்சம் கூடத்தான். ஆனால் பாட்டு விசயத்தில எங்களுக்குள்ள அஞ்சாறு பேர் குடியிருக்கினம். ஒருத்தருக்கும் மற்றவரோட ஒத்துவராது.

முதல் ஆள் அப்பாவிட்ட இருந்து வந்தவர். 1990இல் யாழ்ப்பாணத்தில் கரண்ட் நிண்டுபோனது. பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிட்டு வைத்து ஒருத்தர் கையால பெடலைச் சுத்த, டைனமோவில் இருந்து ஒரு வயர் ரேப் ரெக்கோடருக்குப் போகும். 'ரோஜா' பாட்டுகளை அப்பா முதன்முதல் கேட்டது அப்படித்தான். "கை களைச்சால் எஸ்.பி.பி.யும் களைச்சுப்போவார்" எண்டு சொல்லிச் சிரிப்பார். ஒரு பாட்டுக்கு வேர்வை சிந்தின மனுசன் எண்டபடியால், பாதியில பாட்டை மாத்துறவையை அவருக்குக் கண்ணிலையும் காட்டக்கூடாது. நாங்கள் போனில் இருபது செக்கனுக்கு ஒருக்கால் மாத்துவம். பக்கத்தில இருந்து பெருமூச்சு விடுவார்.

இரண்டாவது ஆள் கோயில் வீதியில் பிறந்தவர். அளவெட்டித் தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் கதைகளைப் பெரியாக்கள் சொல்லச் சொல்லக் கேட்டு, மேளச்சமா முடியும்வரை மணலில் குந்தியிருந்தவர். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்குத் தாளம் போட்டுப் பழகினவரும் இவர்தான். மூன்றாவது ஆள் ரியூசன் வானில் பின் சீற்றில் இருந்து குத்துப்பாட்டுக்குக் கத்தினவர். இந்த இரண்டு பேரையும் நாங்கள் கனகாலம் சந்திக்க விடவில்லை. சங்கீத வகுப்பில் குத்துப்பாட்டை ஒளிச்சம். வானில் கீர்த்தனையை ஒளிச்சம். ரசனை எண்டது ஆள் பார்த்துப் போடுற சட்டை மாதிரி இருந்த காலம் அது.

அந்த ஒளிப்பு பேராதனையில் முடிந்தது. அறைத்தோழன் குருநாகலைச் சேர்ந்தவன். அவனுக்குத் தமிழ் வராது, எங்களுக்குச் சிங்களம் அரைகுறை. 2016 நவம்பரில் அமரதேவ இறந்த அண்டு, அவன் கட்டிலில் இருந்து ஒண்டுமே கதைக்காமல் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். சொல் விளங்கவில்லை. ஆனால் ராகத்தில் ஏதோ தெரிஞ்ச முகம் மாதிரி ஒண்டு இருந்தது. அவர் லக்னோவில் இந்துஸ்தானி படித்தவர் எண்டது பிறகுதான் தெரியும். நாங்கள் பதிலுக்கு இளையராஜாவைப் போட்டம். அதுக்குப் பிறகு நந்தா மாலினி, விக்டர் ரத்நாயக்க எண்டு போய், ராப், ஜாஸ் எண்டு எங்கெங்கையோ திரிஞ்சம். "நாங்கள் எல்லாப் பாட்டும் கேப்பம்" எண்டு சொல்லுறதில் ஒரு சின்னப் பெருமையும் வந்திட்டுது.

அந்தப் பெருமையோடதான் லீவுக்கு வீட்டை வந்து, குசினிப் பக்கம் அமரதேவவைச் சத்தமாகப் போட்டம். அம்மா அடுப்பை நூத்துப்போட்டு வெளியில போயிட்டா. நாங்கள் விடவில்லை. பின்னால போய், இசைக்கு மொழி இல்லை, அது இது எண்டு ஒரு பிரசங்கம் வைச்சம். அம்மா கேட்டு முடிச்சுப்போட்டு மெதுவாகச் சொன்னா: "தொண்ணூத்தாறில மாமாவைத் தேடி அந்தச் சென்றியில ரெண்டு மணித்தியாலம் நிண்டனான். உள்ள றேடியோவில இந்த மாதிரித்தான் பாடிக்கொண்டிருந்தது. நல்ல குரல்தான். எனக்கு வேண்டாம்."

மாமா இண்டைக்கும் வரேல்லை.

இதில் விசயம் என்னவெண்டால், அம்மாவுக்குச் சிங்களத்தோட கோபம் இல்லை. ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி'யில் சிங்களச் சொல்லுகள் கிடக்கு. அதைக் கேட்டால் அம்மா இப்பவும் கை தட்டுவா. அது அவ சின்னப் பிள்ளையாக இருக்கேக்க வந்த பாட்டு. காதுக்கு மொழி தெரியாது போல. அதுக்குத் திகதிதான் தெரியும். அண்டையில் இருந்து வீட்டில் அமரதேவ இயர்போனுக்குள்ள மட்டும்.

எங்கட காதும் ஒரு திகதியைப் பிடிச்சு வைச்சிருக்கும் எண்டு அப்ப தெரியாது. 2019இல் அப்பாவுக்குக் கடுமை எண்டு கோல் வந்து, கண்டியில் இருந்து யாழ்ப்பாண பஸ் ஏறினம். டிறைவர் நித்திரை வராமல் இருக்க விடிய விடியக் குத்துப்பாட்டுப் போட்டவர். வவுனியா தாண்டினாப்பிறகு அடுத்த கோல் வந்தது. அந்த நேரம் போய்க்கொண்டிருந்த பாட்டின் பேரை இங்க எழுதவில்லை. உங்களுக்கு அது நல்ல பாட்டு. எல்லாக் கலியாண வீட்டிலும் போடுவினம். ரியூசன் வானில் நாங்களும் அதுக்குக் கத்தினனாங்கள்தான்.

போன ஆவணியில் ஒரு சொந்தக்காரக் கலியாணம். சாப்பாடு முடிய பெடியள் அதே பாட்டைப் போட்டாங்கள். நாங்கள் எழும்பிக் கிணத்தடிப் பக்கம் போய் நிண்டம். கொஞ்ச நேரத்தில் அம்மாவும் வந்து பக்கத்தில நிண்டா. ஏன் வந்தனி எண்டு கேக்கேல்லை. பாட்டு முடியும்வரை ரெண்டு பேரும் வாழைமரத்தைப் பார்த்துக்கொண்டு நிண்டம்.

இப்ப எங்கட ரசனை முந்தியிலும் பார்க்க வேகமாக மாறுது. அடுத்த மாதம் என்ன கேப்பம் எண்டு எங்களுக்கே தெரியாது. ஆனால் "எல்லாப் பாட்டும் கேப்பம்" எண்டு சொல்லுறதை விட்டிட்டம். ஒருத்தர் ஒரு பாட்டை நிப்பாட்டச் சொன்னால், ஏன் எண்டு கேட்காமல் நிப்பாட்டப் பழகியிருக்கிறம்.

அண்டைக்கு அடுத்ததாகச் 'சுராங்கனி' போட்டாங்கள். "வா, இது நல்ல பாட்டு" எண்டு அம்மா கையைப் பிடிச்சு உள்ள கூட்டிக்கொண்டு போனா.