மற்றவை

2011 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக விருத்தாசலத்தில் சில தெருக்களில் வீடுவீடாக ஏறி இறங்கினேன். பள்ளி ஆசிரியனுக்கு வந்து சேரும் வேலை. படிவத்தில் இடப்பெயர்வுக்கு ஏழு காரணங்கள்: வேலை, வியாபாரம், படிப்பு, திருமணம், பிறந்தபின் இடம் மாறியது, குடும்பத்தோடு வந்தது, மற்றவை.

ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர். நெய்வேலிச் சுரங்கத்துக்காக எடுக்கப்பட்ட கிராமங்களில் ஒன்றைச் சேர்ந்தவர். "எதுக்காக இங்க வந்தீங்க தாத்தா?" என்று கேட்டேன்.

"நா எங்க சார் வந்தன்? ஊருதான் போயிடுச்சி."

'மற்றவை' என்று குறித்துக்கொண்டேன். அவர் மருமகளுக்குத் 'திருமணம்'. அந்த அம்மாள் பீங்கான் பட்டறையில் பொம்மைகளுக்கு வர்ணம் பூசிக் குடும்பத்தை நடத்திவந்தார். அவரும் உழைப்பதற்கு வந்தவர்தான் என்று எழுத அங்கே இடமில்லை. 2011 கணக்கில் இடம்பெயர்ந்தவர்கள் சுமார் 45 கோடி. அதில் கணிசமான பகுதி இப்படித் திருமணத்தில் அடங்கிவிட்ட பெண்கள்.

இதற்குப் பிறகுதான் இந்தத் துறையின் எழுத்துகளைத் தேடிப் படித்தேன். 1885இல் ராவன்ஸ்டைன் லண்டனில் வெளியிட்ட இடப்பெயர்வு விதிகள் 1881 பிரிட்டிஷ் கணக்கெடுப்பின் அட்டவணைகளிலிருந்து பிறந்தவை. குறுகிய தூரம் நகர்பவர்களில் பெண்களே அதிகம் என்று அவர் அப்போதே கண்டிருந்தார். 1966இல் எவரெட் லீ எழுதிய கட்டுரைக்குப் பின், தள்ளும் காரணங்கள், இழுக்கும் காரணங்கள் என்ற பாகுபாடு பாடப்புத்தகங்களில் நிலைத்துவிட்டது. மனிதன் இரண்டு விசைகளுக்கு நடுவில் அகப்பட்ட இரும்புத்தூள் என்கிற பார்வை அது.

சமீப ஆண்டுகளில் பார்வை திரும்பியிருக்கிறது. போக விரும்பியும் போக முடியாதவர்களைப் பற்றி 2002இல் கேப் வெர்டே தீவுகளை வைத்து யோர்கன் கார்லிங் எழுதினார். போகிறவர்களையே ஆராய்ந்து, இருப்பவர்களை விட்டுவிட்டோம் என்று 2020இல் கெரிலின் ஷூவெல் சொன்னார். எங்கே வாழ்வது என்று தேர்ந்துகொள்ளும் சுதந்திரத்தில் இருந்த இடத்திலேயே இருப்பதும் அடக்கம் என்பது 2021இல் ஹெய்ன் டி ஹாஸ் முன்வைத்த வாதம். இதைப் படித்தபோது எனக்குப் பெரியவர் ஞாபகம்தான் வந்தது. அவர் இழந்தது இந்தச் சுதந்திரத்தை. பெயரில்லாமல் அவர் சொன்னதற்கு இப்போது ஒரு பெயர் கிடைத்திருக்கிறது. அது அவருக்கு உபயோகமா என்பது வேறு விஷயம்.

கடல் தாண்டியவர்களுக்கு நம் இலக்கியத்தில் இடம் உண்டு. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' இலங்கைத் தேயிலைத் தோட்டம்வரை போயிற்று. 20 மைலுக்குள் நகர்த்தப்பட்டவனின் துக்கம் துக்கமாகவே நமக்குப் படுவதில்லை. தூரத்தை வைத்தே இழப்பை அளக்கிறோம். இந்த விஷயத்தில் எழுத்தாளனுக்கும் கணக்கெடுப்பவனுக்கும் வித்தியாசம் அதிகமில்லை.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுக்க மேல்மண்ணை அகற்றினார்கள். அதோடு வெண்களிமண்ணும் வந்தது. இங்கே பீங்கான் தொழில் வளர்ந்ததற்கு அது பக்கத்தில் கிடைத்ததும் ஒரு காரணம். மருமகள் வர்ணம் பூசிய பொம்மைகளில் மாமனாருடைய ஊர் மண்ணும் கலந்திருக்கக்கூடும். அவரிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

2021இல் நடக்கவேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. பெரியவர் இப்போது இல்லை. அவர் பேரப்பிள்ளைகள் இங்கேயே பிறந்து இங்கேயே வளர்ந்தவர்கள். படிவத்தின்படி இடம்பெயராதவர்கள்.