மதுரையில் ஒரு கிண்ணம் சூப்பு

மதுரைக்குப் போகிறவர்கள் மீனாட்சியம்மனைத் தரிசித்து, விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜிகர்தண்டாவும் குடித்துவிட்டால் ஊரைப் பார்த்து முடித்துவிட்டதாக நினைக்கிறார்கள். பொழுது சாய்ந்த பிறகு கீழவாசலிலிருந்து நெல்பேட்டை வரை ஒரு நடை நடந்து பார்த்தால் தெரியும், இன்னொரு மதுரை இருக்கிறது. தள்ளுவண்டியில் பெரிய பாத்திரம், கீழே தணிந்த நெருப்பு, மேலே மிளகும் சீரகமுமாக ஆவி. ஆட்டுக்கால் சூப்பு, நெஞ்செலும்பு சூப்பு! சளிக்கும் அதுதான், உடம்பு வலிக்கும் அதுதான், "வயிறு சரியில்லை" என்றாலும் அதுதான்.

போன மாதம் பத்து நாள் அங்கே இருந்தேன். மகளை மதுரையில்தான் கொடுத்திருக்கிறது. டைபாய்டு வந்து எழுந்து மூன்று வாரம் ஆகியும் அவளுக்கு இரண்டு வாய் சோறு இறங்கவில்லை. சாப்பிட்டால் வயிறு உப்புசம், சாப்பிடாவிட்டால் தலைசுற்றல். பார்க்கிற தாய்க்கு எப்படியிருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

"கவலைப்படாதீங்க மதினி. காலையில என்கூட வாங்க, காலு வாங்கிட்டு வருவோம்" என்றார் சம்பந்தியம்மா.

விடிந்தும் விடியாததுமாக நெல்பேட்டைக்குப் போனோம். "பாய், நாலு காலு. நல்லாச் சுட்டு, சுரண்டிக் குடுங்க. முட்டியை உடைச்சுப் போடுங்க" என்றார் சம்பந்தி. இளங்கால்தான் வேண்டும் என்று கண்டிப்பாகக் கேட்டு வாங்கினார். முற்றின ஆட்டைவிட இளசில் இருக்கிற பசை சீக்கிரம் கரையும். கடையில் எவ்வளவுதான் சுரண்டினாலும் வீட்டில் மஞ்சள்தூள் போட்டுத் தேய்த்து, மூன்று நான்கு தண்ணீர் விட்டுக் கழுவத்தான் வேண்டும். இதில் சோம்பல் கூடாது.

அவர் செய்த விதம் இது. நாலு காலுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். முதல் கொதியில் நுரை பொங்கி வரும்; அதைக் கரண்டியால் எடுத்துக் கொட்டிவிட வேண்டும். பிறகு தட்டிய சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, பூண்டு பத்துப் பல், ஒரு துண்டு இஞ்சி, மஞ்சள்தூள். தீயைத் தணித்து, மூடி போட்டு, நாலு மணி நேரம். மிளகு, சீரகம், கொத்தமல்லி விதை மூன்றையும் பொடித்துக் கடைசியில்தான் போடுகிறார். முதலிலேயே போட்டால் வாசனை ஆவியோடு போய்விடுமாம். உப்பும் கடைசியில்தான்.

"குக்கர்ல வைக்கக் கூடாதா மதினி?" என்றேன்.

"வைக்கலாம். முக்கால் மணி நேரத்துல வெந்துரும். எனக்குத்தான் பழக்கமில்லை."

தாராளமாக வைக்கலாம். இன்னும் சொன்னால், பிரஷர் குக்கர் பிறந்ததே எலும்புக்காகத்தான்! 1679ல் டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர், எலும்பை மெத்தென்று ஆக்குவதற்காகவே ஆவி வெளியேறாத ஒரு பாத்திரத்தைச் செய்தார். அதற்கு அவர் வைத்த பெயருக்கு நம் மொழியில் 'செரிப்பான்' என்றுதான் அர்த்தம் சொல்ல வேண்டும்.

ஆறிய சூப்பைப் பிரிட்ஜில் வைத்தோம். மறுநாள் பார்த்தால் மேலே வெள்ளையாகக் கொழுப்பு, அடியில் ஜெல்லி மாதிரி உறைந்த சூப்பு. எலும்பு மூட்டிலும் தோலிலும் உள்ள கொலாஜன் என்ற புரதம் நெடுநேர வேக்காட்டில் ஜெலட்டினாக மாறுவதால்தான் இப்படி உறைகிறது. கொழுப்பை வழித்து எடுத்துவிட்டு, ஒரு கிண்ணம் மட்டும் மறுபடி கொதிக்க வைத்து மகளுக்குக் கொடுத்தார். பலவீனமான வயிற்றுக்கு அந்தக் கொழுப்புதான் பாரம். மூன்றாம் நாள், "அம்மா, கொஞ்சம் ரசம் சாதம் இருக்கா?" என்று அவளே கேட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இதனால் சூப்பு குடலையே புதுசாக்கிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிப் பலர் சொல்கிறார்கள். அதற்கு உறுதியான நிரூபணம் இல்லை. ஜெலட்டினும் வயிற்றில் மற்றப் புரதம் போலத்தான் உடைந்து சத்தாகிறது. சூடான நீர், கொஞ்சம் உப்பு, மிளகு சீரகத்தின் மணம் எல்லாமாகச் சேர்ந்து பசியைக் கிளப்புகிறது, சிரமமில்லாமல் இறங்குகிறது. அதுவே பெரிய உபகாரம். ஆனால் ஜெலட்டினில் டிரிப்டோபேன் என்ற அவசியமான சத்து கிடையாது. ஆகவே பசி எடுத்ததும் குழைந்த சாதம், பருப்பு, முட்டை என்று போய்விட வேண்டும். எலும்பு சூப்பில் சுண்ணாம்புச் சத்து கொட்டிக் கிடக்கிறது என்பதும் சரியல்ல. 1934லேயே லண்டனில் மருத்துவர்கள் சோதித்து, அதில் கிடைப்பது சொற்பம்தான் என்று எழுதிவிட்டார்கள். அதற்குப் பாலும் கேழ்வரகும் இருக்கின்றன.

நான் அங்கே இருக்கும்போதே அடுத்த வீட்டுப் பெண் ஓடி வந்தாள். எட்டு மாதக் குழந்தைக்குக் காலையிலிருந்து ஆறு தடவை வயிற்றுப்போக்கு. "பெரியம்மா, அக்காவுக்கு வச்ச சூப்புல கொஞ்சம் குடுங்க, பிள்ளைக்குத் தெம்பா இருக்கும்" என்று கிண்ணத்தை நீட்டினாள். சம்பந்தி கரண்டியை எடுத்தேவிட்டார். நான் குறுக்கே விழுந்து தடுத்தேன்.

வயிற்றுப்போக்கில் குழந்தை இழப்பது நீரும் உப்பும். அந்த உப்பைக் குடல் உள்ளே இழுத்துக்கொள்ள அளவான சர்க்கரை வேண்டும். சூப்பில் சர்க்கரை இல்லை, உப்புக்கும் அளவில்லை. பிஞ்சுக் குழந்தைக்கு உப்பு கூடினால் ஆபத்து. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் போட்டிருக்கிற அளவுப்படி ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கரைத்து, ஒவ்வொரு தடவை போன பிறகும் கால் டம்ளரிலிருந்து அரை டம்ளர் வரை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்கச் சொன்னேன். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, ரத்தம் கலந்து வந்தாலோ, குழந்தை குடிக்க மறுத்து வாடிக் கிடந்தாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு.

அன்று சாயங்காலமே குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். 14 நாளைக்கு துத்தநாக மாத்திரை கொடுத்தனுப்பினார்கள். நின்றுவிட்டது என்று பாதியில் நிறுத்தாதே என்று அந்தப் பெண்ணிடம் இரண்டு தடவை சொன்னேன்.

பெரியவர்களிலும் யூரிக் அமிலம் உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்தச் சூப்பைத் தொட வேண்டாம். ரத்தக்கொதிப்பு இருந்தால் உப்பைக் குறையுங்கள். வயிற்றுப்புண் என்றால் மிளகைக் குறையுங்கள். சூப்பை இரவு முழுக்க அடுப்பு மேடையில் விட்டுவைப்பதும் வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும், எடுக்கும்போது தளதளவென்று கொதிக்க வேண்டும்.

நாலாம் நாள் எட்டிப் பார்த்தேன். குழந்தை பாட்டி மடியில் சிரித்துக்கொண்டிருந்தது. இரண்டு ராத்திரி தூங்காத அதன் அம்மா திண்ணையில் சாய்ந்திருந்தாள். சம்பந்தி அன்று வைத்த சூப்பில் ஒரு கிண்ணம் அவள் கையில் இருந்தது.