முதலில் இரண்டாவது டிஸ்க்

ஆடி மாதம் தாம்பரம் பக்கத்துக் கல்யாண மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். எங்களைப் போன்ற வீடியோ எடிட்டர்கள் பாக்கி வேலைகளை முடித்து மூச்சுவிடுவது அப்போதுதான். ஆவணி முகூர்த்தங்களுக்குள் புது சிஸ்டம் போட்டுவிட வேண்டும் என்று தொழிலுக்குப் புதிதாக வந்த பையன்கள் கிளம்புவதும் அப்போதுதான். ரயிலேறி எழும்பூரில் இறங்கி, கணினிச் சாமான்கள் வாங்க ரிச்சி தெருவுக்குப் போகும் முன், சேலையூரில் மாடியில் இருக்கும் என் எடிட்டிங் அறைக்கு ஒரு நடை வருவார்கள்.

“அண்ணே, ஒரு லட்சம் தேத்தியிருக்கேன். எந்த கிராபிக்ஸ் கார்டு போடலாம்?”

“டிஸ்க்குக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்க தம்பி?”

“வீட்ல பழசு ஒண்ணு இருக்குண்ணே.”

இந்தப் பதிலைக் கேட்டால் எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு கல்யாணத்தின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் காரணம் தெரியும். மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம். டிரெடிஷனல் வீடியோவுக்கு ஒரு கேமரா, கேண்டிடுக்கு இரண்டு, மேலே ஒரு ட்ரோன். 4கே-யில் நொடிக்கு 100 மெகாபிட் வீதம் எழுதும் கேமரா, மணிக்கு 45 ஜிபி எழுதித் தள்ளும். எல்லாம் சேர்ந்து பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் 540 ஜிபி. ஒரு 4 டிபி டிஸ்க்கில் ஏழு கல்யாணம்தான் அடங்கும். தை பிறந்து மாசி முடிவதற்குள் அது நிறைந்துவிடும்.

மினி டிவி கேசட் காலத்தில் இப்படி இல்லை. ஒரு மணி நேரக் கேசட்டைக் கணினியில் ஏற்றினால் சுமார் 13 ஜிபி. வேலை முடிந்ததும் அழித்துவிடுவோம். நடுவில் டிஸ்க் செத்துப்போனாலும் கேசட் பெட்டியில் இருக்கும். மறுபடி ஓட்டி ஏற்றிக்கொள்ளலாம். மெமரி கார்டு வந்ததும் அந்த மூலப் பிரதி போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்தைப் பதிந்த கார்டை, புதன்கிழமை முகூர்த்தத்துக்காக ஃபார்மட் செய்துவிடுகிறோம். அதற்குப் பிறகு அந்தத் தாலிகட்டு, அந்தப் பாட்டியின் ஆசீர்வாதம், மேடையோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்ட அப்பா, எல்லாம் என் மேசைமேல் இருக்கும் ஒரு டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கின்றன. பாட்டி அடுத்த வருடம் இல்லாமல் போகலாம்.

டிஸ்க் சாகும். பல லட்சம் டிஸ்க்குகளை ஓட்டும் அமெரிக்காவின் பேக்பிளேஸ் நிறுவனம், எத்தனை பழுதாகின்றன என்று தொடர்ந்து கணக்கு வெளியிடுகிறது. 2024-இல் அது 1.57 சதவீதம். குளிரூட்டிய அறையில், ஆட்டம் அசைவில்லாமல், நிற்காத மின்சாரத்தில் ஓடுபவற்றின் கணக்கு அது. நம்முடையது டூவீலர் பெட்டியில் குலுங்கி, மே மாத வெயிலில் காய்ந்து, கரண்ட் போகும்போதெல்லாம் சட்டென்று நிற்பது. வாரண்டி இருக்கிறதே என்பார்கள். வாரண்டியில் புது டிஸ்க் வரும், கல்யாணம் வராது.

அதனால் பட்ஜெட்டில் நான் முதலில் எழுதச் சொல்வது இரண்டாவது டிஸ்க்கை. கார்டிலிருந்து இரண்டு டிஸ்க்குகளில் டம்ப் செய்து, இரண்டிலும் ஃபைல்களின் எண்ணிக்கையையும் அளவையும் சரிபார்த்து, அங்கங்கே ஓட்டிப் பார்த்த பிறகுதான் கார்டை ஃபார்மட் செய்ய வேண்டும். கட் செய்து ஒட்டுவது கூடாது, காப்பி மட்டும்தான். இந்த வேலையில் யூஎஸ்பி துளைக்குக்கூடப் பங்கு உண்டு. பழைய 2.0 துளையில் செருகினால் 540 ஜிபி ஏறக் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் ஆகும். 3.0 துளையில் அதே ஹார்டு டிஸ்க் சுமார் ஒரு மணி நேரத்தில் முடிக்கும். இரவு பதினொரு மணிக்கு மண்டபத்திலிருந்து வந்து, விடிகாலை மூன்றரைக்கு மறுபடி கிளம்ப வேண்டிய பையன் எந்தக் காப்பியைத் தவிர்ப்பான்? இரண்டாவதைத்தான்.

இரண்டு டிஸ்க்கில் ஒரே நேரத்தில் எழுதும் ரெய்டு பெட்டியை வாங்கிவிட்டு, பேக்கப் இருக்கிறது என்று நிம்மதியாகிவிடுபவர்களும் உண்டு. ஒரு டிஸ்க் செத்தால் வேலை நிற்காமல் இருக்க அது உதவும். கை தவறி அழித்தால் இரண்டிலும் அழியும். தண்ணீர் வந்தால் இரண்டும் சேர்ந்தே முழுகும்.

எங்கள் ஊரில் தண்ணீர் வரும். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் புகுந்தது. முடிச்சூர் பக்கம் தரைத்தளத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த என் சிநேகிதர் ஒருவர், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறினார். சிஸ்டம் மேசைக்கு அடியில் இருந்தது. பேக்கப் டிஸ்க்குகள் அதே மேசையின் இழுப்பறையில் இருந்தன. ஒழுங்காக இரண்டு பிரதி வைத்திருந்த மனிதர் அவர். சேறு வடிந்த பிறகு டிஸ்க்குகளைக் கழுவி, வெயிலில் காயவைத்து, ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தார். யாரும் அப்படிச் செய்ய வேண்டாம். சாதாரண ஹார்டு டிஸ்க்கில் காற்றுக்கென்று நுண்ணிய துவாரம் உண்டு. அதன் வழியே சேற்று நீர் உள்ளே போயிருந்தால், மின்சாரம் கொடுத்த மறுகணமே தட்டும் தலையும் உரசிக் கெடும். காயவும் விடாமல், ஈரம் போகாதபடி பையில் சுற்றி, மீட்டெடுக்கும் நிபுணர்களிடம் கொண்டுபோவதுதான் இருக்கும் ஒரே வாய்ப்பு. அவருக்கு அதைச் சொல்ல அன்று ஆளில்லை. எங்கள் யாருடைய போனும் வேலை செய்யவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் அதே பகுதிகள் முழுகின. ஆகவே இங்கே இரண்டாவது டிஸ்க் என்றால் இன்னொரு வீட்டில், மாடியில், பரண்மேல் இருக்கும் டிஸ்க் என்றுதான் பொருள் கொள்ள வேண்டும்.

தண்ணீருக்கும் டிஸ்க்குக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. 2011-இல் தாய்லாந்தில் பெருவெள்ளம் வந்து, வெஸ்டர்ன் டிஜிட்டலின் பாங் பா-இன் தொழிற்சாலை முழுகியபோது, உலகம் முழுக்க ஹார்டு டிஸ்க் விலை எகிறியது. இப்போது வேறு காரணம். 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதில் ரேம், எஸ்எஸ்டி விலைகள் ஏறின. விலை ஏறும்போது பையன்கள் முதலில் வெட்டுவது பேக்கப் டிஸ்க்கைத்தான். கிராபிக்ஸ் கார்டை ஒரு படி குறைத்துக்கொள், டிஸ்க்கில் கை வைக்காதே என்று மன்றாடுகிறேன்.

குறைத்தால் எடிட்டிங் திக்காதா என்பார்கள். டைம்லைன் திக்குவதற்குப் பெரும்பாலும் காரணம் வேறு. இன்றைய கேமராக்கள் பெரும்பாலும் எச்.264, எச்.265 முறைகளில் சுருக்கித்தான் பதிகின்றன. சில ஃபிரேம்களை மட்டும் முழுதாக எழுதி, நடுவில் இருப்பவற்றை முன்பின் ஃபிரேம்களிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன என்று மட்டும் குறித்துக்கொள்கின்றன. நாம் ஓரிடத்தில் நிறுத்தினால், கணினி அந்த ஃபிரேமைப் பல ஃபிரேம்களிலிருந்து மறுபடி கட்டி எழுப்ப வேண்டும். அந்த வேலைக்கென்றே தனிப் பகுதி பிராசசரிலோ கிராபிக்ஸ் கார்டிலோ இருந்தால் ஓடும். கேண்டிட் கேமராக்களில் இப்போது பரவலாக இருக்கும் எச்.265, 10 பிட், 4:2:2 வகையை இன்டெலின் பதினோராம் தலைமுறை முதல் உள்ளிருக்கும் கிராபிக்ஸே பிரித்துக் கொடுக்கிறது. என்விடியா கார்டுகளுக்கு அந்தத் திறன் 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் கிடைத்தது. ‘எஃப்’ என்று முடியும் இன்டெல் பிராசசர் கொஞ்சம் மலிவு. அதில் உள் கிராபிக்ஸ் கிடையாது. கேம் ஆடுபவருக்கு அதனால் நஷ்டமில்லை. எடிட்டருக்கு நஷ்டம். கடையில் பில் போடும் முன் அந்த ஓர் எழுத்தைப் பாருங்கள்.

ப்ராக்ஸி போட்டு, அதாவது மூலப் பதிவின் இலகுவான நகலை வைத்து, எடிட் செய்யப் பழகினால் பழைய சிஸ்டமே இன்னும் இரண்டு சீசன் தாங்கும். ரேம் 32 ஜிபி போதும். நடப்பு வேலைக்கு 1 டிபி அல்லது 2 டிபி எஸ்எஸ்டி நல்லதாக ஒன்று. நான்கு கேமராவை ஒன்றாக ஓட்டும்போது ஹார்டு டிஸ்க்கின் தலை இடத்துக்கு இடம் அலைந்து தடுமாறும். எஸ்எஸ்டிக்கு அந்த அலைச்சல் இல்லை. மிக மலிவான எஸ்எஸ்டி, முதல் கொஞ்சம் ஜிபி வேகமாக வாங்கிக்கொண்டு பிறகு படுத்துவிடும். வேலை முடிந்ததைச் சேமிக்க எஸ்எஸ்டி வேண்டாம், ஹார்டு டிஸ்க்தான். மின்சாரம் இல்லாமல் வருடக்கணக்கில் கிடந்தால் எஸ்எஸ்டியின் மின்னூட்டம் மெல்லக் கசியும், வெக்கையில் இன்னும் சீக்கிரமாக. அப்புறம் ஒரு யூபிஎஸ். எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்த டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஃபைல் பட்டியலே குலைந்துபோகலாம்.

கல்யாண வீட்டாரிடமும் ஒரு வேண்டுகோள். ஆல்பத்துக்கும் ட்ரோனுக்கும் பேரம் பேசும்போதே, எடுத்த ரா ஃபுட்டேஜை எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள் என்று எடிட்டரைக் கேளுங்கள். 1 டிபி ஹார்டு டிஸ்க் ஒன்றை நீங்களே வாங்கிக் கொடுத்து, எடிட்டிங் முடியும்வரை காத்திருக்காமல் முகூர்த்தம் முடிந்த வாரமே அதில் முழுப் பதிவையும் காப்பி போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வீடு தரைத்தளம் என்றால் அதை மாடியில் இருக்கும் உறவினரிடம் கொடுத்து வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, கல்யாண நாளன்று, அதைச் செருகி ஓட்டிப் பாருங்கள்.